இலங்கை மின்சார சபையின் காபன் கணக்கை எப்படி வாசிப்பது?

நூலிழை:

வணக்கம். வடக்கில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சூழல் அறிக்கைகள் தயாரிக்கும் வேலை செய்கிறேன். ஒவ்வொரு வருடமும் வெளிநாட்டுக் கொள்வனவாளர்களுக்கு எங்கள் காபன் கணக்கைக் கொடுக்க வேண்டும். கொதிகலன், லொறி, ஜெனரேட்டர் எல்லாம் எங்கள் வளவுக்குள் இருப்பவை. எவ்வளவு எரித்தோம் என்று எங்களுக்கே தெரியும். ஆனால் மொத்தத்தில் பெரும்பங்கு மின்சாரத்தில்தான் வருகிறது. அதற்கு, சபை தரும் ஓர் அலகுக்குப் பின்னால் எத்தனை கிலோ காபனீரொட்சைட்டு இருக்கிறது என்ற எண்ணை எடுத்துப் பெருக்கிப் போடுகிறோம்.

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே தையல் இயந்திரங்கள், அதே ஷிப்ட், ஏறக்குறைய அதே அலகுகள். ஆனாலும் ஒரு வருடம் எங்கள் மின்சாரக் காபன் ஏறுகிறது, அடுத்த வருடம் நன்றாக இறங்குகிறது. ஏறியபோது நிர்வாகம் விளக்கம் கேட்டது. இறங்கியபோது "நாங்கள் குறைத்தோம்" என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் போடச் சொல்கிறது. இரண்டு தடவையும் தொழிற்சாலையில் எதுவும் மாறவில்லை.

இந்த முறை ஒரு கொள்வனவாளர் இன்னொன்றும் கேட்டிருக்கிறார். உங்கள் நாட்டின் மின்சார நிறுவனம் காலநிலை விஷயத்தில் எப்படிச் செயற்படுகிறது என்று ஒரு பந்தி வேண்டுமாம். 2030 இல் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க சக்தி, 2050 இல் காபன் சமநிலை என்று அரசாங்க இலக்குகளைப் பிரதிபண்ணிக் கொடுத்துவிடலாம். எனக்கு அப்படிச் செய்ய விருப்பமில்லை. சபை உண்மையில் முன்னேறுகிறதா? எந்த எண்ணை நம்புவது? வெளியாகும் அட்டவணையில் சராசரி, ஒப்பரேட்டிங் மார்ஜின், பில்ட் மார்ஜின், கொம்பைன்ட் மார்ஜின் என்று நான்கு இருக்கின்றனவே, எங்களுக்கு எது? கூரையில் சோலாரும் இருக்கிறது, அதை எப்படிக் கழிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பச்சைப் பேரேடு:

இந்தக் கணக்குத்தான் எனக்குத் தொழில், ஆகவே கடைசி இரண்டு கேள்விகளை நான் எடுத்துக்கொள்கிறேன். நிலைபெறுதகு வலு அதிகார சபை வெளியிடும் சக்திச் சமநிலை அறிக்கையில் அந்த நான்கு எண்களும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது சராசரி மட்டும். மற்ற மூன்றும் கியோட்டோ காலத்துத் தூய அபிவிருத்திப் பொறிமுறைக்காக வந்தவை. புதிதாக ஒரு காற்றாலை சேர்ந்தால் அது எந்த நிலையத்தின் உற்பத்தியைத் தள்ளிவிடும் என்று பார்ப்பதற்கானவை. ஒப்பரேட்டிங் மார்ஜின், நீர்மின்னைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு எண்ணெயையும் நிலக்கரியையும் பார்ப்பதால் சராசரியைவிட உயர்ந்து நிற்கும். கொம்பைன்ட் மார்ஜினைப் போட்டுக் கொடுத்த தொழிற்சாலை அறிக்கைகள் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒரு வருடம் அதையும் மறு வருடம் சராசரியையும் போட்டுக் குறைப்புக் காட்டியவையும் உண்டு.

கூரை சோலாரில் நீங்களே பயன்படுத்திய அலகுகளுக்குக் காபன் இல்லை, சரி. ஆனால் பகலில் சபைக்கு ஏற்றிய அலகுகளை, இரவில் சபையிலிருந்து எடுத்தவற்றில் கழிக்கக் கூடாது. நெற் மீற்றரிங் மின்பட்டியல் கழித்துத்தான் காட்டும், காபன் கணக்கு அப்படிக் கழிக்காது. உள்ளே எடுத்த அலகு முழுவதும் ஸ்கோப் 2, அதாவது வெளியிலிருந்து வாங்கிய மின்சாரத்துக்கான காபன் கணக்கு. புதுப்பிக்கத்தக்க சக்திச் சான்றிதழ் ஏதாவது வாங்கியிருந்தால், நாட்டுச் சராசரிப்படி ஒரு தொகை, சான்றிதழைச் சேர்த்து ஒரு தொகை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். 2015 இல் வந்த ஸ்கோப் 2 வழிகாட்டி அதைத்தான் கேட்கிறது.

ஐரோப்பிய எல்லைக் காபன் வரியை நினைத்து உங்கள் நிர்வாகம் பயந்தால் அதற்கும் பதில் சொல்லிவிடுங்கள். 2026 ஜனவரியிலிருந்து அது சீமெந்து, இரும்பு உருக்கு, அலுமினியம், பசளை, ஐதரசன், மின்சாரம் ஆகியவற்றுக்கு. ஆடை அதில் இல்லை. கொள்வனவாளர் கேட்பது அவருடைய சொந்த இலக்குக் கணக்குக்காக.

சபை முன்னேறுகிறதா என்ற பெரிய கேள்வியை மின்துறை ஆட்களிடம் விடுகிறேன்.

பழைய கட்டுப்பாட்டறை:

பிள்ளை, நான் மின்துறையில், அதிலும் பெரும்பகுதி கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இந்த எண் ஏன் ஏறி இறங்குகிறது என்று யோசிக்கிற ஒருவரைப் பார்க்கச் சந்தோஷம். கிடைத்ததை அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் கூட.

நம் நாட்டில் அந்த ஆண்டுச் சராசரி, சபை என்ன செய்தது என்பதைவிட, காசல்றீ, மவுஸ்ஸாக்கலை, கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்களுக்கு அந்த வருடம் எவ்வளவு தண்ணீர் வந்தது என்பதைத்தான் கூடச் சொல்கிறது. மழையைப் பிரித்தெடுக்காமல் சபையைப் பாராட்டவும் முடியாது, குறை சொல்லவும் முடியாது.

கொஞ்சம் பின்னுக்குப் போகிறேன். பொறியியலாளர் விமலசுரேந்திர விடாமல் வாதாடிய லக்சபான 1950 இல் ஓடத் தொடங்கியது. சபை 1969 இல் உருவானது. எண்பதுகளில் மகாவலியோடு விக்டோரியா 210 மெகாவாட், கொத்மலை 201, ரந்தெனிகல 122 என்று வரிசையாக வந்தன. தொண்ணூறுகளின் தொடக்கம் வரை நாட்டின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் தண்ணீரிலிருந்துதான். காலநிலைச் செயற்பாடு என்ற பேச்சே அப்போது இல்லை, கணக்கு மட்டும் எந்த நாடும் ஆசைப்படுகிற மாதிரி இருந்தது. 1996 இல் மழை பொய்த்தது. நாடு முழுவதும் மணிக்கணக்கில் மின்வெட்டு. அதன்பிறகு எண்ணெய் நிலையங்கள் அவசர அவசரமாக வந்து சேர்ந்தன. நுரைச்சோலை இழுபட்டு இழுபட்டு 2011 இல் முதல் இயந்திரமும், 2014 இல் மற்ற இரண்டும் ஓடத் தொடங்கின. மொத்தம் 900 மெகாவாட். நாட்டின் ஒரே நிலக்கரி நிலையம் அது. நாட்டில் ஒரே இடத்திலிருந்து கூடுதலாகக் காபன் வெளியேறுவதும் அங்கிருந்துதான்.

எவ்வளவு என்று நீங்களே தாளில் போட்டுப் பார்க்கலாம். இந்த வகை நிலக்கரிக்குச் சர்வதேச வழிகாட்டியில் உள்ள எண், ஒரு கிகாஜூல் வெப்பத்துக்கு 94.6 கிலோ காபனீரொட்சைட்டு. 300 மெகாவாட் இயந்திரம் ஒரு மணிநேரம் முழு அளவில் ஓடினால் 3 இலட்சம் அலகு. திறன் 37 சதவீதம் என்று வைத்தால் ஏறத்தாழ 2,920 கிகாஜூல் வெப்பம் வேண்டும். பெருக்கினால் 276 தொன். ஒரு இயந்திரத்துக்கு, ஒரு மணிநேரத்துக்கு! அலகுக்குப் பிரித்தால் 0.92 கிலோ. உலை எண்ணெய்க்கு அதே வழிகாட்டியில் 77.4 கிலோ. 40 சதவீதத் திறனுள்ள நிலையம் என்றால் அலகுக்கு 0.7 கிலோ.

இனி இரண்டு வருடங்களை உதாரணத்துக்கு எடுங்கள். நல்ல மழை வருடத்தில் பாதி தண்ணீர், காற்று, வெயில். மூன்றில் ஒரு பங்கு நிலக்கரி, மீதி எண்ணெய். சராசரி 0.42 கிலோ வரும். வரட்சி வருடத்தில் நிலக்கரி அதேயளவு, ஏனென்றால் மூன்று இயந்திரங்களுக்கு மேல் ஓட்ட நம்மிடம் இல்லை. குறைந்த தண்ணீரின் இடத்தை எண்ணெய் நிரப்பும். புதுப்பிக்கத்தக்கவை 30 சதவீதத்துக்கு இறங்கி, எண்ணெயும் நிலக்கரியும் 35, 35 என்று வந்தால் சராசரி 0.57 கிலோ. மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது. உங்கள் தொழிற்சாலை வருடத்துக்கு 20 இலட்சம் அலகு எடுக்கிறது என்றால் ஒரு வருடம் 840 தொன், மறு வருடம் 1,140 தொன். உங்கள் நிர்வாகம் விளக்கம் கேட்டதும் முதல் பக்கத்தில் போடச் சொன்னதும் இந்த 300 தொன்னுக்காகத்தான். இது வெறும் கற்பனையும் அல்ல. 2017 வரட்சியின் பிறகு 2018 இல் மழை வந்தபோது நீர்மின் உற்பத்தி ஒரே வருடத்தில் ஒன்றரை மடங்குக்கும் மேல் போனது.

2022 ஐத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் சாதனை மாதிரிக் காட்டும் வரைபடங்களைப் பார்க்கிறேன். எரிபொருள் வாங்க டொலர் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மெழுகுதிரியோடு இருந்தார்கள், ஆஸ்பத்திரிகளில் தவித்தார்கள். ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது, அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம். பாவனை விழுந்தது, அதோடு காபனும் விழுந்தது. சனங்கள் மின்சாரமில்லாமல் கிடந்ததால் இறங்கிய எண்ணைக் காலநிலைச் செயற்பாடு என்று எந்த அறிக்கையிலும் எழுதக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

நுரைச்சோலையில் ஓர் இயந்திரம் பழுதாகி நின்றாலும் இதே கதைதான். அதன் இடத்தில் எண்ணெய் நிலையம் ஓடும். அலகுக்கு 0.92 போய் 0.7 வரும். செலவு பல மடங்கு, நாட்டுக்கு நட்டம், காபன் எண் மட்டும் அழகாகிவிடும்.

எல்லையையும் கவனியுங்கள். சபையின் சொந்த நிலையங்கள் விடும் புகை வேறு, நாட்டின் மின்வலையமைப்பு முழுவதும் விடும் புகை வேறு. கெரவலப்பிட்டியவில் இருப்பது போன்ற நிலையங்கள் வேறு கம்பனிகளின் பெயரில் ஓடுகின்றன, சபை அவற்றிடமிருந்து வாங்குகிறது. சொந்த நிலையத்தை நிறுத்திவிட்டு அதே எண்ணெயில் ஓடுகிற இன்னொருவரிடம் வாங்கினால் சபையின் பெயரிலுள்ள கணக்குக் குறையும், வானத்துக்குப் போகிறது குறையாது. 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டத்தின்படி சபையே தனித்தனி நிறுவனங்களாகப் பிரிகிறது. அதனால் நிறுவனத்தின் பெயரைப் பார்க்காமல் வலையமைப்பு முழுவதற்குமான எண்ணையே பாருங்கள்.

அப்படியானால் உண்மையான உழைப்பை எங்கே பார்ப்பது? மழையால் அசையாத இடங்களில். முதலாவது, கம்பியில் போகிற இழப்பு. 2000 அளவில் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. இப்போது பத்தில் ஒரு பங்குக்கும் கீழ். பழைய மின்மாற்றிகளை மாற்றி, கம்பிகளைத் தடிப்பாக்கி, களவைப் பிடித்து, கம்பத்தில் ஏறி இறங்கிய ஊழியர்கள் செய்த வேலை அது. யாரும் விழா எடுக்கவில்லை, ஆனால் வருடாவருடம் எரிக்காமல் விட்ட எண்ணெய் அதில் இருக்கிறது. அதைத் தாராளமாகப் பாராட்டி எழுதுங்கள்.

இரண்டாவது, கட்டாமல் விட்டது. சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் வரவிருந்தது. 2016 இல் கைவிடப்பட்டது. வந்திருந்தால், மேலே சொன்ன அதே கணக்கில், வருடத்துக்கு 30 இலட்சம் தொன்னுக்கு மேல் கூடியிருக்கும். எந்த அட்டவணையிலும் இது வராது. இடம்பெயர்ந்து திரும்பி வந்த சம்பூர் மக்களும் வழக்குப் போட்ட சூழல் அமைப்பும் இல்லாமல் அது நடந்திருக்காது என்பதால், இந்தப் பெருமை சபைக்கு மட்டும் உரியதல்ல. 2021 செப்டெம்பரில் புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்ற சர்வதேச உடன்பாட்டைத் தொடங்கிய ஏழு நாடுகளில் இலங்கையும் ஒன்று. அதே சம்பூரில் 120 மெகாவாட் சோலார் திட்டம் 2025 ஏப்ரலில் ஆரம்பித்து வைக்கப்பட்டது.

மூன்றாவதில்தான் நாம் பின்தங்கி நிற்கிறோம். சேமிப்பு. 2016 இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமய திட்டத்தோடு கூரை சோலார் பெருகி 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சனங்கள் தங்கள் காசைப் போட்டுச் செய்தது. அதை ஏந்திக்கொள்ள வலையமைப்பைத் தயார்படுத்தும் வேலை கூடவே நடக்கவில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதோடு நாடே இருண்டது. குரங்கைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். நான் பார்த்தது வேறு: விடுமுறைப் பகல், தேவை குறைவு, சோலார் உச்சத்தில், கனத்த சுழலிகள் கொஞ்சம்தான் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கனம் சுழன்றுகொண்டிருந்தால் ஒரு தடங்கல் வந்தாலும் அதிர்வெண் மெதுவாகத்தான் விழும், மற்ற நிலையங்கள் பிடித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். அன்று கிடைக்கவில்லை. நுரைச்சோலை இயந்திரங்களும் அதோடு விழுந்து, அடுத்தடுத்த நாட்களில் நாடு மின்வெட்டோடு இருந்தது. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரை சோலார் வைத்திருப்பவர்களிடம் பகலில் நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்க வேண்டி வந்தது. பெரிய பட்டரிகளும், மிஞ்சிய மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்கி மின் எடுக்கிற, மகா ஓயாவில் பேசப்படுகிற 600 மெகாவாட் நீரேற்று நிலையமும் வராமல் 70 சதவீத இலக்கை எட்ட முடியாது. உங்கள் பந்தியில் இதை ஒளிக்காமல் எழுதுங்கள்.

மஸ்கெலியா வாசி:

பொறியியலாளர் ஐயா மழையைப் பிரிக்கச் சொன்னது சரி. ஆனால் மழையை முழுக்க அதிர்ஷ்டக் கணக்கில் வைப்பதை மலையகத்திலிருந்து பார்க்கிற எனக்கு ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மவுஸ்ஸாக்கலையில் தண்ணீர் இறங்கினால் பழைய மஸ்கெலியா நகரத்துக் கோவில் வெளியே தெரியும். வெளியூர்க்காரர்கள் படம் எடுக்க வருவார்கள். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நான் காட்டுவது கோவிலை அல்ல, கரையைச் சுற்றி வெடித்துக் கிடக்கிற சேற்றை. அது மேலே மலையிலிருந்து வந்த மண். மரம் வெட்டிய சரிவிலும், கைவிட்ட தேயிலை நிலத்திலும், ஓடையோரத்து மரக்கறித் தோட்டத்திலும் இருந்து ஒவ்வொரு அடை மழைக்கும் இறங்குகிறது. மகாவலிப் பக்கம் ரந்தம்பேயும் பொல்கொல்லவும் வண்டல் ஏறியவை என்று எல்லோருக்கும் தெரியும். மண் நிரம்பினால் அதே மழையிலும் தேக்கி வைக்கிற தண்ணீர் குறையும். தண்ணீர் வழிந்து கடலுக்குப் போன பிறகு டீசல் எரித்தால் அது வானத்தின் குற்றமா? நீரேந்து பகுதியைக் காப்பதும் ஒரு மின்சார சபையின் காலநிலை வேலைதான். அந்த அறிக்கைகளில் இதற்கு ஒரு வரி வந்தால் எனக்கு மனம் ஆறும்.

இன்னொன்று. இந்த அணைகளுக்குப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயன்களுக்கு மின்சாரம் வந்தது அணை கட்டிப் பல காலம் கழித்துத்தான். இந்தச் சுத்தமான மின்சாரத்தைப் பற்றி எழுதும்போது அதன் கீழே இருட்டில் இருந்தவர்களையும் நினையுங்கள்.

பேசாலைக் காற்று:

மன்னாரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தீவின் தென்கரையில் தம்பபவனி நிற்கிறது. 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5. 2020 டிசம்பரில் திறந்தார்கள். சபையே சொந்தமாகக் கட்டிய முதல் பெரிய காற்றாலைத் தொகுதி. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்தால் மே முதல் செப்டெம்பர் வரை விடாமல் அடிக்கும், அந்தக் காற்றைக் கடலுக்குப் போகிற எங்கள் ஆட்களைக் கேட்டால் தெரியும். நுரைச்சோலைக்கு நிலக்கரிக் கப்பல் வர முடியாததும் அதே சோளகக் கடலால்தான், அதனால் வாடைப் பக்கத்து மாதங்களிலேயே இறக்கிக் குவித்துவிடுவார்கள். நிலக்கரியை மறிக்கிற காற்றே எங்களிடம் மின்சாரமாகிறது. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஆனாலும் காற்றாலை என்றால் சுத்தம், எதிர்க்கிறவன் முட்டாள் என்று கொழும்பில் பேசுவதைக் கேட்க வேதனையாக இருக்கிறது. அதானி குழுமத்தின் 484 மெகாவாட் மன்னார், பூநகரித் திட்டம் 2025 பெப்ரவரியில் கைவிடப்பட்டபோது, நாடு காலநிலை வாய்ப்பை இழந்துவிட்டது என்றார்கள். தீவின் குறுக்களவு எவ்வளவு என்று வந்து பாருங்கள். மழை வெள்ளம் வடிகிற வழி, கரைவலைப் பாடு, பனங்காணி, வலசைப் பறவைகள் எல்லாம் இந்தச் சின்ன நிலத்துக்குள். வங்காலை 2010 இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது, சும்மா அல்ல. காற்று மன்னாருக்கு மட்டும் சொந்தமில்லை, புத்தளம், யாழ்ப்பாணப் பக்கமும் நல்ல காற்று இருக்கிறது. எங்கே நடுவது என்று ஊரைக் கேட்டு முடிவெடுப்பதையும் செயற்பாடு என்று எண்ணுங்கள். கேட்காமல் நட்டால் அடுத்த திட்டம் ஒவ்வொன்றும் தெருவில் நிற்கும், அந்த வருடங்கள் முழுவதும் எண்ணெய்தான் எரியும்.

நூலிழை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. சராசரி எண்ணையே ஒவ்வொரு வருடமும் போட்டு, ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு எங்கள் அலகுகளால், எவ்வளவு நாட்டு எண்ணால் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டப்போகிறேன். "நாங்கள் குறைத்தோம்" என்ற வரியை எடுக்க வேண்டும் என்று மேலாளரிடம் 840, 1,140 உதாரணத்தைக் காட்டிச் சொன்னேன், ஒத்துக்கொண்டார். கொள்வனவாளருக்கான பந்தியில் கம்பி இழப்பு, சம்பூர், சேமிப்பு மூன்றையும் எழுதுகிறேன். நீரேந்து பகுதியும் மன்னாரும் பந்திக்குள் அடங்கவில்லை என்றால் இரண்டாவது பந்தியாகப் போடுவேன்.

பழைய கட்டுப்பாட்டறை ஐயாவிடம் இன்னொரு கேள்வி. கழுவும் பகுதியின் வேலையில் ஒரு பங்கை இரவு 10.30 க்குப் பிறகு மாற்ற யோசிக்கிறார்கள். அந்த நேரத்தில் அலகு விலை குறைவு. அதைக் காபன் குறைப்பு நடவடிக்கையாகவும் காட்டலாமா?

பழைய கட்டுப்பாட்டறை:

காட்ட வேண்டாம். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை விலை குறைவு, காரணம் தேவை குறைவு. காபன் குறைவு என்று அதற்குப் பொருளில்லை. நிலக்கரிக் கொதிகலனை நினைத்தபடி அணைத்து ஏற்ற முடியாது, ஓர் அளவுக்குக் கீழே குறைக்கவும் முடியாது, அதனால் இரவு முழுக்க ஓடும். வெயில் இல்லை. தண்ணீரை மாலை 6.30 முதல் 10.30 வரையான உச்ச நேரத்துக்காகப் பிடித்து வைத்திருப்பார்கள். மூன்று இயந்திரங்களும் ஓடுகிற இரவில் நாட்டின் தேவையில் பாதியளவு நுரைச்சோலையிலிருந்துதான் வரும். நீங்கள் அந்த நேரத்தில் எடுக்கிற அலகுக்குப் பின்னால் ஆண்டுச் சராசரியைவிடக் கூடக் காபன் இருக்க வாய்ப்பு அதிகம்.

மாலை உச்சத்திலிருந்து வேலையை விலக்குவது நல்லது, அப்போதுதான் எண்ணெய் நிலையங்கள் ஓடுகின்றன. ஆனால் இரவுக்குத் தள்ளாமல் பகலுக்கு, முடிந்தால் 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் கொண்டு வாருங்கள். ஞாயிறு, போயா நாட்களில் ஓடக்கூடிய வேலை ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் பம்ப், சுடுநீர்த் தாங்கி, பட்டரி போர்க்லிஃப்ட் சார்ஜ் இவையெல்லாம் அந்த நேரத்துக்குத் தோதானவை. தேவை குறைந்த அந்தப் பகல்களில்தான் காற்றாலையையும் சோலாரையும் குறைக்கச் சொல்கிறார்கள். நீங்கள் கூட எடுத்தால் வீணாகப் போகிற மின்சாரத்தை எடுக்கிறீர்கள்.

பச்சைப் பேரேடு:

ஐயா சொன்னது முழுக்கச் சரி. கணக்கு வேலைக்காக ஒன்று சேர்க்கிறேன். ஆண்டுச் சராசரி எண்ணால் பெருக்கும்போது நள்ளிரவு அலகும் நண்பகல் அலகும் ஒரே மாதிரித்தான் வரும், நேரத்தை மாற்றிய பலன் மொத்தத்தில் தெரியாது. அதனால் ஸ்கோப் 2 தொகையைத் தொடாதீர்கள். எந்த வேலையை எந்த நேரத்திலிருந்து எந்த நேரத்துக்கு மாற்றினீர்கள், எத்தனை அலகு என்று மீற்றர் பதிவோடு தனியாக ஒரு அட்டவணை வையுங்கள். மணிநேர எண்கள் நம் நாட்டில் ஒழுங்காக வெளியாகத் தொடங்கும் நாளில் அந்த அட்டவணையை எடுத்துப் பெருக்கிக்கொள்ளலாம்.